கட்டி இல்லாமலும் வரும்

"மார்பில் கட்டி தெரிகிறதா? உடனே மருத்துவரைப் பாருங்கள்." அரசு மருத்துவமனைச் சுவர்களிலும் முகாம் பதாகைகளிலும் நாம் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் வாசகம் இது. அக்டோபர் மாதம் வந்தால் இளஞ்சிவப்பு நாடா படத்தோடு கல்லூரி வாசல்களிலும் தொங்கும். இந்த வாசகம் பல பெண்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் கட்டியே தெரியாமல் வரும் வகை ஒன்று உண்டு. எண்ணிக்கையில் குறைவு, வேகத்தில் அதிகம். சில வாரங்களிலேயே முற்றிவிடக்கூடியது. அந்த ஒரு வரி விடுபட்டதால் கூலி வேலைக்குப் போகும் நம் பெண்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு காலனியில் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஓர் அக்காவைப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய வயது. கரும்பு வெட்டும் வேலை. இடப்பக்க மார்பு சிவந்து, வீங்கி, காந்துகிறது என்றார். முதலில் அக்கி என்று நினைத்து, காவி குழைத்து அக்கி எழுதியிருக்கிறார்கள். அடங்கவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒரு தனியார் மருத்துவரிடம் போனார். சீழ்க்கட்டியாக இருக்கும் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டு முறை மாத்திரையை மாற்றினார்கள். மூன்றாம் முறை கீறிப் பார்த்தார்கள், சீழ் வரவில்லை. இப்படியே நான்கு மாதம் போயிற்று. பெரிய மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்கலாமே, கேன்சராக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "கட்டி இருந்தாத்தான கேன்சரு? நர்சம்மா சொன்ன மாதிரி நானும் தடவித் தடவிப் பாத்துட்டேன். எனக்குக் கட்டியே இல்லையே" என்றார்.

அந்த அக்கா அறியாமையால் சாகவில்லை. விழிப்புணர்வு அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. சொன்னபடி செய்தும் பார்த்தார். அவருக்குச் சொல்லப்பட்டதுதான் அரைகுறை. நோய் கண்டறியப்பட்டபோது நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவியிருந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

இது என்ன நோய்?

இதன் பெயர் அழற்சி மார்பகப் புற்றுநோய். மருத்துவர்கள் இன்ஃப்ளமேட்டரி பிரெஸ்ட் கேன்சர் என்பார்கள். அழற்சி என்றால் சிவந்து, சூடாகி, வீங்குவது. பார்ப்பதற்கு அப்படி இருப்பதால் வந்த பெயரே தவிர, கிருமி தொற்றி வருவது அல்ல. நம் தோலுக்கு அடியில் நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. புற்றுநோய் அணுக்கள் அந்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் தேங்கி வயல் ஊறுவதுபோல, நீர் தேங்கி மார்பு வீங்குகிறது, தோல் தடிக்கிறது, நிறம் மாறுகிறது. நோய் ஓரிடத்தில் உருண்டு திரளாமல் தோலுக்கடியில் படர்வதால் கைக்குக் கட்டி அகப்படுவதில்லை. மேமோகிராம் படத்தில்கூடச் சில நேரம் தெளிவாகத் தெரியாது.

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வரும் நூறு பேரில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு இந்த வகை வருகிறது. எகிப்து, துனிசியா போன்ற வட ஆப்பிரிக்க நாடுகளில் இதைவிடக் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது என்றும், 98 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது. நூற்றுக்கு ஒருவர் என்றே குறைத்து வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 1,900 பெண்கள். அரிய நோய் என்று சொல்லிக் கடந்துபோகும் எண்ணிக்கையா இது?

அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு பக்க மார்பு மட்டும் திடீரென்று பெருத்து, கனத்துப் போகும். தோல் சிவப்பாகவோ, ஊதாவாகவோ, வழக்கத்தைவிடக் கருத்தோ மாறும். அந்த நிறமாற்றம் மார்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவும். தொட்டால் சூடு தெரியும். தோல் தடித்து, கமலா ஆரஞ்சுப் பழத்தின் தோல்போலக் குழிகுழியாக ஆகும். காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். வலியோ அரிப்போ எரிச்சலோ இருக்கலாம். அக்குளிலோ கழுத்துப்பட்டை எலும்புக்கு அருகிலோ நெறி கட்டலாம். இவை அனைத்தும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவதில்லை. சில வாரங்களில், அதிகம் போனால் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும்.

இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே புற்றுநோய் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு சிவப்பதும் காய்ச்சல் வருவதும் அடிக்கடி நடப்பதுதான். கிருமித் தொற்றாக இருந்தால் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் சில நாளில் வடியத் தொடங்கும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் மருந்து சாப்பிட்டும் சிவப்பும் வீக்கமும் வடியவில்லை என்றால், அடுத்த மாத்திரைக்கு மாறக்கூடாது. தோலிலும் மார்பிலும் சிறிது சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்ய வேண்டும். மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கோ, பால் கொடுக்காத பெண்ணுக்கோ மார்பு இப்படிச் சிவந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பயாப்சி செய்தால் நோய் பரவிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதில் உண்மை இல்லை. பயாப்சி செய்யாமல் தள்ளிப்போடும் நாட்களில்தான் நோய் பரவுகிறது.

யாருடைய தோலில் சிவப்பு?

மருத்துவப் பாடநூல்களில் இந்த நோய்க்கு அச்சிடப்படும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் கொண்ட பெண்களுடையவை. அந்தத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். கறுத்த தோலில் அது சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில நேரம் வெறும் கருமையாகத்தான் தெரியும். சிவப்பைத் தேடும் கண்ணுக்கு அது அகப்படாமல் போகும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்த நோய் வெள்ளையினப் பெண்களைவிட அதிகம் வருகிறது, வந்தபின் பிழைப்பவர்களும் அவர்களில் குறைவு என்று அந்நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. நோயின் தன்மை பாதிக் காரணம் என்றால், காப்பீடும் மருத்துவமனையும் எட்டாத தூரத்தில் இருப்பது மீதிக் காரணம்.

நாள் முழுதும் வெயிலில் நிற்கும் நம் பெண்களின் தோல் எந்த நிறம் என்பது எல்லோருக்கும் தெரியும். வேர்க்குரு, அக்கி, பூச்சிக்கடி, கரும்புத் தோகை அறுத்த தடம் என்று தோலில் எது வந்தாலும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். மருத்துவருக்கும் அந்தக் காரணம் போதுமானதாக இருந்துவிடுகிறது.

இன்னொன்றையும் பேசத்தான் வேண்டும். மார்பைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் தொட வேண்டும். மருத்துவத்தின் முதல் கருவி கை. தீண்டாமையின் முதல் இலக்கும் அதுதான். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவம் எப்படிக் கிடைக்கிறது என்று சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. மருந்து கொடுக்கும்போதும் பரிசோதனை செய்யும்போதும் தொடாமல் ஒதுங்குவதை அது ஆவணப்படுத்தியது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை ஊருக்கு ஊர் இருக்கிறது, நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் முகாம் எங்கே போடப்படுகிறது என்று பாருங்கள். ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ, காலை பத்து மணிக்கு. அந்த நேரம் காலனிப் பெண்கள் நடவிலோ களையிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். முகாம் முடிந்ததும் "அவங்க வரலைங்க" என்று பதிவேட்டில் எழுதப்படும்.

இந்தியாவில் தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது மேல்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டு குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. பதினான்கரை ஆண்டு என்பது ஒரு பிள்ளை பிறந்து ஒன்பதாம் வகுப்பு போகும் காலம். அத்தனை ஆண்டுகளும் ஒரே நோயாலோ ஒரே கொடுமையாலோ பறிபோகவில்லை. பேறுகாலத்தில் கொஞ்சம், ரத்தசோகையில் கொஞ்சம், தள்ளிப்போன ஒரு பரிசோதனையில் கொஞ்சம் என்று கழிகின்றன.

மானமும் மௌனமும்

நம் பெண்கள் சொல்லத் தயங்குகிறார்கள் என்று மருத்துவர்கள் குறைப்படுவதுண்டு. அந்தத் தயக்கத்துக்கு வரலாறு இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்று ஒரு காலத்தில் தடை இருந்தது. நாடார் பெண்கள் அடிபட்டு, ஆடை கிழிக்கப்பட்டு, பல்லாண்டு போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று அதைப் படித்திருப்பீர்கள். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து ஆணை பிறப்பித்தது. மார்பை மூடுவது எந்தச் சாதிக்கு மானம், எந்தச் சாதிக்குக் குற்றம் என்று வகுத்துவைத்த சமூகம் இது. போராடிப் பெற்ற மானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது இயல்பு. சேலைத் தலைப்பை விலக்கி ஓர் ஆண் மருத்துவரிடம் காட்டச் சொன்னால் உடம்பு கூசத்தான் செய்யும். அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்தப் போராட்டம் நம் உடம்பு நமக்குச் சொந்தம் என்பதற்காக நடந்தது. சொந்தமான உடம்பில் நோய் வந்தால் அதைக் கேட்டுப் பெற்றுக் குணப்படுத்திக்கொள்வதும் அதே உரிமையில் சேர்த்திதான். பெண் மருத்துவர் வேண்டும், இல்லையென்றால் செவிலியர் உடனிருக்க வேண்டும், திரை போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அது சலுகை அல்ல.

பெண்ணின் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தவறியதால் நேர்ந்த ஓர் இழப்பிலிருந்துதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே பிறந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இளம் வயதில் குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து மருத்துவம் பார்த்தார்கள். அந்த வேதனையை மறக்காமல் பல ஆண்டு முயன்று 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு அவர் தொடங்கினார். அன்று சீதபேதி என்று சொன்ன இடத்தில் இன்று சீழ்க்கட்டி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மருந்து இருக்கிறது, மற்றவை?

இந்த நோய் கண்டுபிடிக்கப்படும்போதே குறைந்தது மூன்றாம் கட்டத்தில் இருக்கும். தோல்வரை வந்துவிட்டதால் அப்படித்தான் கணக்கிடுவார்கள். மூன்றில் ஒருவருக்கு அப்போதே வேறு உறுப்புகளுக்கும் பரவியிருக்கும். அதனால் கைவிட்டுவிட வேண்டியதில்லை. முதலில் கீமோதெரபி மருந்து ஏற்றி நோயைச் சுருக்குவார்கள். பிறகு மார்பை அகற்றும் அறுவை சிகிச்சை. அதன்பின் கதிர்வீச்சு. நோயின் வகையைப் பொறுத்து ஹெர்-2 மருந்தோ ஹார்மோன் மாத்திரையோ சேரும். இந்த வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் அறுவை செய்வது இந்த நோய்க்குச் சரியான முறை அல்ல. அமெரிக்கக் கணக்குப்படி இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் வருபவர்களில் அது 20 பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நாற்பதுக்கும் இருபதுக்கும் இடையில் இருப்பது சில மாதங்கள்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை அதில் அடங்கும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசின் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆகவே மருந்துக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது.

வழியில்லாமல் போவது மற்றவற்றுக்கு. கீமோதெரபி மாதக்கணக்கில் நடக்கும். பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வெளியூர் போகும் பேருந்தில் உண்டு. துணைக்கு வரும் கணவருக்கோ மகனுக்கோ இரண்டிலும் உண்டு. இரண்டு பேரின் அன்றைய கூலி போய்விடும். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர் சூளையை விட்டு வர முடியாது. வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஆக்க ஆளில்லை. இப்படித்தான் இரண்டாம் கீமோவுக்கு வந்தவர் மூன்றாம் கீமோவுக்கு வருவதில்லை. "பாதியில் நிறுத்திக்கொண்டார்" என்று மருத்துவமனைக் குறிப்பு சொல்லும். நிறுத்தியது யார் என்று அந்தக் குறிப்பில் இருக்காது.

என்ன செய்ய வேண்டும்?

மாவட்ட நிர்வாகத்திடமும் சுகாதாரத் துறையிடமும் நாம் கேட்க வேண்டியவை பெரிய பணம் பிடிக்கும் வேலைகள் அல்ல.

முதலாவது, விழிப்புணர்வுப் பதாகைகளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: கட்டி இல்லாமலும் வரும். நம் பெண்களின் நிறத்திலுள்ள தோலில் இந்த நோய் எப்படித் தெரியும் என்பதற்கான படமும் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்கும் அந்தப் படத்தை வைத்துப் பயிற்சி தர வேண்டும்.

இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தெளிவான ஒரு விதி வேண்டும். மார்பு சிவந்து வரும் பெண்ணுக்கு மருந்து கொடுத்தால் பத்தாம் நாள் அவரை மறுபடி பார்த்தாக வேண்டும். வடியவில்லை என்றால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுத வேண்டும். அவர் வரவில்லை என்றால் செவிலியர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். தனியார் மருத்துவர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பலாம்.

மூன்றாவது, பரிசோதனை முகாம்கள் காலனிக்குள் நடக்க வேண்டும். வேலை முடிந்து பெண்கள் திரும்பும் மாலை நேரத்தில், பெண் மருத்துவரோடு நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. நாட்டின் சராசரி நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை என்பதால் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மீதி 94 பேரில் காலனிக்காரர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்த பிறகு பெருமைப்படுவோம்.

நான்காவது, சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலிக்கு ஈடு வேண்டும். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்த விவசாயத் தொழிலாளர்களுக்குப் புற்றுநோய் போன்ற நோய்களின்போது மாத உதவித்தொகை பெற வழி இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் சான்று வாங்க வேண்டும். இவை இருப்பதே பலருக்குத் தெரியாது. சிகிச்சை தொடங்கும் அன்றே மருத்துவமனையே இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தால் பாதியில் நிற்பவர்கள் குறைவார்கள். ஆதிதிராவிடர் நலத்துறை இதற்கென ஒரு பயண உதவித்தொகையும் ஒதுக்க வேண்டும்.

கடைசியாக மாணவர்களுக்கு. உங்கள் தெருவில் கல்லூரி வரை படித்தவர் நீங்கள் ஒருவராக இருக்கலாம். காப்பீட்டு அட்டை செல்லுபடியாகிறதா என்று பார்ப்பதும், மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று விசாரிப்பதும், உடன் போய் வரிசையில் நிற்பதும் உங்களால் முடியும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். "பத்து நாளாச்சு, வடியல. சதை எடுத்து டெஸ்ட் பண்ணுங்க" என்று மருத்துவரிடம் உரக்கச் சொல்வதற்கு ஒரு பெண்ணுக்குத் துணை தேவைப்படுகிறது. அம்பேத்கர் கற்பி என்று சொன்னதை நாம் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். இந்த வாரம் அதை உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். அம்மாவிடம், அத்தையிடம், பக்கத்து வீட்டு ஆயாவிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டி, கட்டி இல்லாமலும் வரும் என்று சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் தங்கையை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் சற்றுத் தயங்கி, "எனக்குக்கூட இந்தப் பக்கம் ஒரு மாதிரி இருக்குதுப்பா" என்றால், மறுநாள் காலை முதல் பேருந்துக்கு அவரோடு கிளம்புங்கள்.